கைகால் கட்டிக் கடல் நீந்திய பிரிசில்லா

தண்ணி லாரி ஓட்டுகிறவனுக்கு மரியாதை எல்லாம் கோடைக்காலத்தில் மட்டும்தான். சித்திரை, வைகாசியில் 'ராஜேந்திரா, ராஜேந்திரா' என்று பின்னாலேயே வருவார்கள். ஐப்பசியில் ஒரு மழை பெய்துவிட்டால் நீ யாரோ, நான் யாரோ. ராஜேந்திரனுக்கு இது பழகிப்போன சங்கதி. மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில் இருக்கிற ஓட்டல்களுக்கு அவன் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கிப் பெரிய குட்டையாகக் கிடந்தது. அங்கேதான் மோட்டார் வைத்து லாரியை நிரப்புவான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகள் பிரிசில்லாவும் லாரியில் ஏறிக்கொள்வாள். லாரி நிரம்பும்வரை அவள் குட்டையில் கிடப்பாள்.

அவளுக்கு யாரும் நீச்சல் சொல்லித் தரவில்லை. கையைக் கூப்பி முன்னால் நீட்டி, காலை மடக்கி, இரண்டு பக்கமும் அகட்டி உதைத்துத் தவளை போகிற மாதிரி போவாள். அந்த ஒரு நீச்சல்தான் தெரியும். ஆனால் அதில் அவள் போகிற வேகத்தைப் பார்த்தால், கூடவே குளிக்க வந்த பையன்கள் வெட்கப்பட்டுக் கரையேறிவிடுவார்கள்.

அவள் அம்மா சந்திரம்மா, அணுசக்தி ஊழியர்களின் டவுன்ஷிப்பில் நரசிம்மன் என்கிற அதிகாரி வீட்டில் வேலை பார்த்தாள். நரசிம்மன் ஆபீஸ் போகும் முன் காலையில் டவுன்ஷிப் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி தருகிறவர். சம்பளம் இல்லாத வேலை, அந்த மனுஷனுக்கு அதில் ஒரு பைத்தியம். அவர் மகள் ஹரிப்ரியாவும் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சந்திரம்மா, "எங்க வூட்டுக் கழுதையும் நல்லா நீந்தும்மா, தவளை கெட்டுது போ" என்று நரசிம்மனின் மனைவியிடம் சொல்லிவைத்தாள். நரசிம்மன் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். வெளியாட்களுக்கு அந்தக் குளம் கிடையாது. யாரிடமோ பேசி, விருந்தாளி என்று அனுமதி வாங்கி, பிரிசில்லாவைக் கூட்டிவரச் சொன்னார்.

முதல் நாளே ஹரிப்ரியா அவளுக்குப் பின்தங்கிவிட்டாள். வேறு தகப்பனாக இருந்தால் அன்றோடு அனுமதியை ரத்து செய்திருப்பான். நரசிம்மன் ராஜேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவ நீந்துறதுக்குப் போட்டியிலேயே தனிப் பிரிவு இருக்கு, ராஜேந்திரன். மாநிலப் போட்டியில முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா தேசியப் போட்டிக்கு அனுப்புவாங்க. அங்க போய்ட்டு வந்தா சென்னையில விளையாட்டு விடுதியில இடம் கிடைச்சிடும். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. பின்னாடி ரயில்வேயில வேலை வரைக்கும் போகலாம். ஆனா இந்த வருஷம்தான். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், பெரிய பொண்ணுங்களோட மோதணும்."

ராஜேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான். ரயில்வே என்ற சொல் மட்டும் அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவன் அப்பனும் பாட்டனும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டுச் செத்தவர்கள். மகள் ரயில்வேயில் வேலை பார்ப்பாள் என்றால் அவன் லாரியைத் தலையில் தூக்கிக்கொண்டுகூட ஓடுவான்.

மாவட்டப் போட்டியில் பிரிசில்லா முதலாவதாக வந்தாள். இங்கிருந்துதான் கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். தோற்றிருந்தால் பிழைத்திருப்பாள்.

பதக்கத்தை எடுத்துக்கொண்டு ராஜேந்திரன் ஊர் முனை டீக்கடைக்குப் போனான். பத்திரிகையில் கபடிச் செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வந்திருந்தது. அதைக் காட்டினான். ஊர்த்தெரு ஆட்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தான். பதக்கம் கைமாறி வந்தது. ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தவள மாரி போறதுக்கெல்லாம் மெடலு குடுக்குறானா? அப்ப எங்க கொல்லையில நூறு மெடலு கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜேந்திரனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து பதக்கத்தை மாதா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அந்தக் காயத்தின்மேல் வந்து உட்கார்ந்த ஈதான் அப்பாசாமி. திருக்கழுக்குன்றத்தில் டிஜிட்டல் பேனர் கடை வைத்திருந்தவர். பேனர் புதிதாக வந்த காலம் அது. காது குத்தினால் பேனர், கருமாதி என்றால் பேனர். இதுபோக ஒரு நற்பணி மன்றத்துக்குத் தலைவர் வேறு. அதன் ஆண்டுவிழாவுக்கு ஏதாவது புதுமையாகச் செய்ய வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார்.

"உன் பொண்ணு வேகமாப் போவுது, சரி அண்ணாத்த. அந்த வேகம் யாரு கண்ணுக்குத் தெரியுது?" என்றார். "கைகாலக் கட்டிக் கடல்ல வுடு. நாடே திரும்பிப் பாக்கும். எங்கியோ ஒருத்தன் கைவெலங்கு போட்டுக்கினு ஆத்த நீந்தினான்னு பேப்பர்ல அரைப் பக்கம் வந்துச்சு. நம்ம பொண்ணுக்கு முழுப் பக்கம் வரும். உலக சாதனை. நான் பேனர் அடிக்கிறேன்."

அப்பாசாமி கெட்ட மனிதரில்லை. அவருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பேனருக்குப் படம், அவ்வளவுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிகூட நல்லெண்ணத்தில்தான் ஊதியிருப்பான்.

ராஜேந்திரன் சொன்னதும் பிரிசில்லா தயங்கினாள். "சாருக்குத் தெரிஞ்சா திட்டுவாருப்பா."

"சார் இன்னா உன்னியப் பெத்தாரா? நல்லாப் போவேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பதினாறு வயது. முழுப் பக்கம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அதற்கு மேல் அப்பன் முகத்தில் பல நாளாகப் பார்க்காத சிரிப்பைப் பார்த்தாள். சரி என்றுவிட்டாள்.

மறுநாளிலிருந்து டவுன்ஷிப் குளம் நின்றது, கல்குட்டை தொடங்கியது. ராஜேந்திரன் மகளின் இரண்டு காலையும் கணுக்காலில் சேர்த்துக் கட்டி, கையை முன்னால் கட்டித் தண்ணீரில் விடுவான். லாரி டியூப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நீந்துவான். முதல் நாட்களில் அவள் தண்ணீர் குடித்தாள். காலை அகட்டப் பார்த்து முடியாமல் திணறினாள். பிறகு உடம்பு தானாகவே வழி கண்டுபிடித்தது. தலையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு ஒரு அலை மாதிரி போகும். இரண்டு காலும் ஒன்றாக வாலடிக்கும். அதைப் பார்க்கப் பார்க்க ராஜேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. தவளையாக இருந்தவளை மீனாக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

வாரக்கணக்கில் ஆளைக் காணோமே என்று நரசிம்மன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குவாரிக்கே வந்துவிட்டார். மேலே நின்று பார்த்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாறையில் இறங்கி வந்தார்.

"ராஜேந்திரன், இதை இன்னைக்கே நிறுத்துங்க. காலைச் சேர்த்துக் கட்டினா மீன் மாதிரி உதைச்சுத்தான் போக முடியும். தவளை நீச்சல் போட்டியில அப்படி ஒரு தடவை உதைச்சாலும் வெளியே அனுப்பிடுவாங்க. உடம்பு ஒண்ணைப் பழகிட்டா மறக்கடிக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல."

"கட்ட அவுத்தா காலு தன்னால பிரியப் போவுது சார். அதுக்குப் போயி..."

"பிரியாது. களைச்சுப்போற நேரத்துல உடம்பு எதைப் பழகியிருக்கோ அதைத்தான் செய்யும்."

ராஜேந்திரன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அவர் ஸ்கூட்டர் மறைந்ததும் சந்திரம்மாவிடம் வந்து பொருமினான். "அவரு பொண்ணு ரெண்டாவதா வருது, அதான் பேஜாரு அவருக்கு. நம்ம பொண்ணு மேல வந்துரும்னு வவுறு எரியுது." சந்திரம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "அந்த மனுசன் அப்படிப்பட்டவரு இல்ல" என்று மட்டும் சொன்னாள். புருஷன் காதில் அது ஏறவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமல்லபுரம் கடலில் விழா நடந்தது. மீன்பிடிப் படகில் கொண்டுபோய் அலைக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். ராஜேந்திரனே கட்டினான். பிரிசில்லா கரை வந்து சேர்ந்தாள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது, பெரிய காரியம்தான். அலையில் புரண்டு, மணலில் குப்புற வந்து விழுந்தவளைத் தூக்கி நிறுத்தி மாலை போட்டார்கள். மைக்கில் அப்பாசாமியின் தொண்டை கட்டிப்போனது. சிற்பக்கூடத்து ஆட்கள், வெள்ளைக்காரர்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கண்டக்டர் என்று ஒரே கூட்டம். பத்திரிகையில் முழுப் பக்கம் வரவில்லை, கால் பக்கம் வந்தது. படத்தோடு வந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ராஜேந்திரனைப் பார்த்து ஊர்த்தெரு பெரியவர் ஒருவர், "ஒக்காருப்பா, ஏன் நிக்கிற" என்றார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து டீ குடித்தான். அவன் வயதுக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அவனை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், இந்த ஒரு இடத்தில் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

விழா முடிந்ததும் அவனே பிரிசில்லாவை டவுன்ஷிப் குளத்தில் கொண்டுபோய் விட்டான். நரசிம்மன் பழையதைப் பேசவில்லை. மாநிலப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. நாள் தவறாமல் அவளை நீந்தவைத்தார். காலையும் மாலையும். ராஜேந்திரன் ஒருநாள் விசாரித்தபோது, "காலை மனசுல வெச்சுக்கிட்டே நீந்தினா சரியாப் பிரியுது. வேகத்தைப் பத்தி நினைச்சாள்னா சேர்ந்துடுது. இன்னும் ஆறு மாசம் இருந்தா சரி பண்ணிடலாம்" என்றார். ஆறு மாசம் ஏது?

போட்டி சென்னையில் நடந்தது. ராஜேந்திரன் லாரிக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேலே படிகளில் போய் உட்கார்ந்தான். இறுதிச் சுற்றில் பிரிசில்லாவும் இருந்தாள், ஹரிப்ரியாவும் இருந்தாள். போக ஒரு நீளம், வர ஒரு நீளம். விசில் ஊதினார்கள்.

போகும்போது பிரிசில்லா மூன்றாவதாக இருந்தாள். நிதானமாக, எண்ணி எண்ணிப் போடுகிற மாதிரி காலை அகட்டி அகட்டிப் போனாள். திரும்பும்போது இரண்டாவது. ராஜேந்திரன் எழுந்து நின்றுவிட்டான். பாதி தூரம் வந்தபோது முன்னால் சென்ற பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரு கை இடைவெளிதான். அப்போதுதான் அவனுக்கு நன்றாகத் தெரிந்த அந்த அசைவு வந்தது. தலையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு. வாலடித்தது. இன்னொரு தடவை அடித்தது. பிரிசில்லா சர்ரென்று முன்னால் வந்தாள்.

"அப்டித்தான்டி" என்று கத்தினான் ராஜேந்திரன். "வுடாத, அப்டியே வா."

கரையோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அவள் கூடவே நடந்துவந்துகொண்டிருந்தார். அவர் ஒரு கையை உயரத் தூக்கினார். தன் மகளைப் பாராட்டித்தான் தூக்குகிறார் என்று நினைத்து ராஜேந்திரனும் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆட்டினான். பிரிசில்லா முதலாவதாகச் சுவரைத் தொட்டாள்.

மைக்கில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர், "அஞ்சாவது லேன் பொண்ணப் போட்டியிலேர்ந்து எடுத்துட்டாங்க" என்றார். ராஜேந்திரனுக்குப் புரியவில்லை. கீழே பார்த்தான். மற்றப் பெண்கள் எல்லாம் கரையேறிவிட்டார்கள். பிரிசில்லா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். நரசிம்மன் நடுவர் மேஜைக்கு ஓடிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக வந்தவள் ஹரிப்ரியா. பிரிசில்லாவை எடுத்துவிட்டால் அவர் மகளுக்கு இரண்டாம் இடம், தேசியப் போட்டி. அந்த மனுஷன் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு பிரிசில்லாவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் படிகளில் இறங்கி வந்தபோது அதைப் பார்த்தான். இவரையா அப்படிப் பேசினோம் என்று நினைத்துக்கொண்டே மேஜைப் பக்கம் நடந்தான்.

"கடைசிப் பகுதி முழுக்க மீன் உதை சார், நீங்களே பாத்தீங்க இல்ல?" என்றார் கையைத் தூக்கிய அந்த நடுவர். "நல்ல பொண்ணு. இப்படி உதைக்க யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

நரசிம்மன் ராஜேந்திரனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான் சார்" என்றான் ராஜேந்திரன்.

"நீங்க கோச்சா?"

"அப்பன் சார்."

திரும்பி வரும் பஸ்ஸில் பிரிசில்லா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. கோவளம் தாண்டியதும் அவளாகவே பேசினாள். "காலு சேந்ததுமே எனக்குத் தெரிஞ்சிச்சுப்பா. பிரிக்கப் பாத்தேன். என் பேச்ச கேக்கல."

அவர்கள் குடியிருந்த காலனி வாசலில் அப்பாசாமி பேனர் கட்டி வைத்திருந்தார். முடிவு தெரியும் முன்பே அடித்துவிட்டார். 'தங்க மங்கையே வருக' என்று இருந்தது. இரண்டு பேர் பட்டாசை வேறு கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். காலனிக்காரர் ஒருவர் ராஜேந்திரன் தோளில் கைபோட்டு, "நம்ம சாதி இன்னான்னு கேட்டிருப்பானுங்க, அதான் எடுத்துட்டானுங்க" என்றார். அது உண்மையாக இருக்கக் கூடாதா என்று ராஜேந்திரன் ஏங்கினான். அப்படி இருந்தால் எவன்மேலாவது கல்லெடுத்து எறியலாம். இங்கே யார்மேல் எறிவது? வாழ்நாள் முழுக்க அடுத்தவன் செய்த அநியாயத்தைப் பார்த்தவனுக்கு, தன் கையாலேயே செய்துகொண்டதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

டவுன்ஷிப் குளத்தில் விருந்தாளி அனுமதி அந்த மாதத்தோடு முடிந்துபோனது. நரசிம்மன் மறுபடி கேட்டுப் பார்த்தார், தரவில்லை. ராஜேந்திரன் மகளைக் குட்டைக்கே கூட்டிக்கொண்டு போனான். தண்ணீரில் இறங்கி, அவள் பின்னால் நின்று, இரண்டு கணுக்காலையும் பிடித்து அவனே மடக்கி, அகட்டி விட்டான். பிடித்திருக்கும்வரை பிரிந்தது. விட்டதும் இரண்டு உதை ஒழுங்காகப் போய், மூன்றாவதில் ஒட்டிக்கொண்டது. லாரி நிரம்பி வழிந்து தண்ணீர் பாறையில் ஓடியது. அவன் அதைக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி, "இன்னொரு தபா, கண்ணு, இன்னும் ஒரே தபா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிரிசில்லாதான் கரையேறிப் போனாள்.

ஒரு வாரம் கழித்து அப்பாசாமி வீட்டுக்கு வந்தார். செங்கல்பட்டில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஜயண்ட் வீல், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் எல்லாம் இருந்தது. கண்ணாடித் தொட்டியில் கடல்கன்னி என்று ஒன்று காட்டுவார்களே, அதில் இருந்த வடநாட்டுப் பெண் ஊருக்குப் போய்விட்டாளாம். "நம்ம பொண்ணு மாரி யாராலயும் பண்ண முடியாது அண்ணாத்த. உள்ளூர்ப் பொண்ணு வேற. பெரிய பேனரு..." அப்பாசாமி அதற்கு மேல் பேச முடியவில்லை. ராஜேந்திரன் அவர் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளிவிட்டான். பொருட்காட்சிக்குப் போக என் மகள் என்ன கரடியா, குரங்கா என்று காலனியே கேட்கக் கத்தினான். கத்தி முடித்ததும் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சந்திரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரிசில்லா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பனிடம் நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"அந்தாளு காலையில என்னியப் பாத்துக் கேட்டாருப்பா. நான் வரேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ராஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனுக்கு இனிமே அதான வருது. வேற இன்னா தெரியும்?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். "வாலு தைக்க அளவு எடுக்கணுமாம். நாளைக்கு வரச் சொன்னாங்க. தனியாப் போவ ஒரு மாரியா கீது. நீ கூட வர்றியாப்பா?"